விடமாட்டேன் என்றவர்

எழில் அப்பாவின் சட்டைப் பைக்குள் கை விட்டபோது ஏசுபாதம் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணை மட்டும் திறக்கவில்லை.

ஆணியில் தொங்கிய சட்டை, தலையணை உறை, அலமாரியில் பைபிளுக்குப் பின்னால் இருந்த இடுக்கு. மகனின் கை எல்லா இடத்துக்கும் போய் வந்தது. பாதி காலியான சிகரெட் பாக்கெட்டும் லைட்டரும் அகப்பட்டன. வாசலுக்குப் போய் சிகரெட்டுகளை ஒவ்வொன்றாக ஒடித்துச் சாக்கடையில் போட்டான் எழில்.

கட்டிலை ஒட்டி, ஹால் ஜன்னலுக்குக் கீழே ஆக்ஸிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய் ஏசுபாதத்தின் மூக்கில் வந்து முடிந்தது. வீட்டுக்குள் எங்கே நடந்தாலும் கூடவே வரும் குழாய் அது.

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் என்று இந்தப் பக்கத்துத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் தண்ணி லாரி ஓட்டியவர் ஏசுபாதம். ஸ்டியரிங்கில் ஒரு கை, சிகரெட்டில் ஒரு கை என்றே பாதி வாழ்க்கை போனது. நுரையீரல் தேய்ந்துபோய், மூச்சு வாங்கி, போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திங்கட்கிழமைதான் இந்த மிஷினோடு இரும்புலியூர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அனுப்பும்போது டாக்டர் சிகரெட்டைப் பற்றிக் கேட்டார். மற்றவர்களாக இருந்தால் தலையையாவது ஆட்டியிருப்பார்கள். ஏசுபாதம் நேராகவே சொல்லிவிட்டார்.

"பொய் சொல்ல மாட்டேன் டாக்டர். விட மாட்டேன்."

செல்லம்மா அங்கேயே அழ ஆரம்பித்தாள். டாக்டர் கோபப்படவில்லை. ஆக்ஸிஜன் ஓடும்போது பக்கத்தில் நெருப்பு வந்தால் முகமே எரிந்துபோகும், வீடும் எரியும் என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

அடுப்படியில் ஜீவிதா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். எழிலின் மனைவி. சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். சனிக்கிழமை என்பதால் அரை நாள்தான்.

வாசலிலிருந்து திரும்பிய எழிலிடம், ஷீலா மேடம் சொன்னதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கச் சொன்னாள். ஷீலா அதே ஆஸ்பத்திரியில் புகை பிடிப்பவர்களோடு பேசுவதற்கென்றே இருக்கும் கவுன்சிலர். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஜீவிதா அவளைப் போய்ப் பார்த்திருந்தாள். இப்போதைக்கு விட முடியாது என்கிறவரை மிரட்டினால் ஒளித்துவைத்துக் குடிப்பார், ஒளிந்து குடிப்பதுதான் இந்த வீட்டில் பெரிய ஆபத்து, அதனால் முதலில் அவர் எங்கே எப்படிக் குடிக்கிறார் என்பதைச் சரிபண்ணுங்கள், விடுவதைப் பற்றிய பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஷீலா சொல்லியிருந்தாள்.

"அதாவது, நாமளே குடிக்கச் சொல்லணும். அப்படித்தானே?" என்றான் எழில்.

"குடிக்கச் சொல்லலைங்க. உயிரோட வச்சிக்கச் சொல்றாங்க."

"எங்கப்பா சாவறதுக்கு ஒரு ஒழுங்குமுறை எழுதிக் குடுக்கறாங்க. எனக்கு வேணாம் ஜீவி."

குரோம்பேட்டையில் ஒரு டூ வீலர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் எழில். எந்தப் பழுதுக்கும் காரணமான சாமானைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி ஓடும் என்று நம்புகிறவன். இரண்டு நாள் முன்னால் தெருமுனைப் பெட்டிக்கடை சிட்டிபாபுவோடு சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை போட்டு, அப்பாவுக்கு இனி ஒரு சிகரெட்கூடத் தரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

கிளம்பும்போது வாசல் கிரில் கேட்டுக்குப் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டான். ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்தான். நீ எங்கே போனாலும் பூட்டிவிட்டுப் போ, அப்பா வெளியே காலை வைக்கக்கூடாது என்றான். செல்லம்மா சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

ஏசுபாதம் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் அவர் செல்லம்மாவிடம் மீன் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து எதையும் வாய் திறந்து கேட்காத மனுஷன். கஞ்சியைக்கூட நாலு வாய்க்கு மேல் தொடாதவர்.

"மத்தி கெடச்சா வாங்கியாயேன். புளி கொஞ்சம் தூக்கலா வச்சி."

செல்லம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, மகன் சொன்னபடியே கேட்டைப் பூட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

ஜீவிதா பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழையும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை மடக்கிக் கேட்டில் கைவைத்தாள். பூட்டியிருந்தது. அத்தை என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. சிகரெட் நாற்றம் இல்லை. முடி பொசுங்கும் நாற்றம், கூடவே பிளாஸ்டிக்.

கேட்டுக்குப் பக்கத்திலேயே ஹால் ஜன்னல். எட்டிப் பார்த்தாள். அடுப்படி வாசலில் ஏசுபாதம் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தார். உள்ளே கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எழிலின் கைக்குத் தப்பி எங்கோ ஒளிந்திருந்த ஒரு சிகரெட்டை, லைட்டர் இல்லாததால், மூக்கில் குழாயோடு அடுப்பில் குனிந்து பற்றவைத்திருக்கிறார்.

பிடுங்கி எறிந்த குழாய் ஹால் தரையில் கிடந்தது. அதன் நுனியில் நெருப்பு. குழாய்க்குள் ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருந்ததால் அது சீறிக்கொண்டு, குழாயைத் தின்றபடி மிஷினை நோக்கி வந்தது. வழியில் கட்டில், போர்வை.

"மாமா, மிஷினை அணைங்க."

அவர் தலையைத் தூக்கினார். எழுந்திருக்கப் பார்த்தார். மூச்சு கிடைக்காமல் சுவரோரமாகச் சரிந்தார்.

ஜீவிதா கம்பிக்குள் கையை விட்டாள். ஜன்னலுக்குக் கீழே சுவரில்தான் பிளக். விரல் எட்டவில்லை. தோள் கம்பியில் நசுங்க, இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். எட்டவில்லை. கையை உருவிக்கொண்டு குடையைத் திருப்பிப் பிடித்து, வளைந்த கைப்பிடியை உள்ளே இறக்கினாள். வயர் ஒருமுறை நழுவியது. மறுமுறை மாட்டியது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

பிளக் கழன்று விழுந்தது. மிஷின் கீச்சென்று அலறி ஓய்ந்தது. குழாயில் சீறிய நெருப்பு சோர்ந்து, சின்னச் சுடராகி, கட்டில் காலுக்குக் கொஞ்சம் முன்னால் கரும்புகையோடு அடங்கியது.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு டெனிஸ் கடப்பாரையோடு ஓடி வந்தார். புதுப் பூட்டு லேசில் உடையவில்லை. அவர் கிரில்லின் கொண்டியையே பெயர்த்து எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே போனபோது ஏசுபாதத்தின் மீசை இல்லை. மூக்கும் மேலுதடும் வெந்து சிவந்திருந்தன. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் ஜீவிதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்.

"எழிலாண்ட சொல்லாதம்மா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்லம்மா மீன் பையோடு வந்து சேர்ந்தாள். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மத்தியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை ஈரமானது. துப்புரவுப் பெண் ஒருத்தி வந்து பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

தொண்டைக்குள் சூடு இறங்கவில்லை, அது பெரிய அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஆனால் மிஷினைத் திருப்பித் தந்து அனுப்புவதா என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. கொடுத்தால் இன்னொரு தடவை இதே நடக்கலாம், பக்கத்து வீட்டையும் சேர்த்து. கொடுக்காவிட்டால் இதயம் தாங்காது, எத்தனை நாளுக்கு என்று சொல்ல முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

எழில் வேலை உடுப்போடு வந்தான். கையில் கிரீஸ். கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவைப் பார்த்தான். வெள்ளை மருந்து பூசிய முகம், அதன்மேல் ஆஸ்பத்திரியின் ஆக்ஸிஜன் மாஸ்க்.

"இப்பவும் அந்த மேடம் பேச்சைக் கேக்கணும்னு சொல்வியா?" என்றான் ஜீவிதாவிடம்.

அவள் வழியெல்லாம் கோபத்தை அடக்கி வைத்திருந்தாள்.

"கேட்டைப் பூட்டாம இருந்தா அவர் வெளிய போய்க் குடிச்சிருப்பார். நீங்க ரெண்டு வழிதான் விட்டு வச்சீங்க. விடணும், இல்ல அடுப்படி. அவர் அடுப்படிக்குப் போனார்."

எழில் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். செல்லம்மா தாலிச் சங்கிலியில் இருந்த சாவியைக் கழற்ற முயன்றாள். வளையம் திறக்கவில்லை. கடைசியில் எழிலே எழுந்து வந்து கழற்றி எடுத்தான்.

ஷீலா அன்று அரை நாள் லீவில் போக வேண்டியவள். தகவல் தெரிந்து வந்துவிட்டாள். நாற்பது வயதைத் தாண்டிய, மெதுவாகப் பேசுகிற பெண். அவளே போய் ஏசுபாதத்திடம் பேசுவாள் என்று ஜீவிதா எதிர்பார்த்தாள். ஆனால் ஷீலா, அவர் யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாரோ அவர்களே முதலில் உட்காரட்டும் என்றாள். என்ன பேசுவது என்று ஜீவிதா கேட்டாள். விடச் சொல்லிக் கேட்காதே, கேள்வி கேள், அவர் சொல்வதை வெட்டாதே, அவ்வளவுதான் என்றாள் ஷீலா. அவ்வளவுதான் என்பது எவ்வளவு கஷ்டம் என்று உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஜீவிதா மெல்லக் கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? விடச் சொல்லி கேக்க மாட்டேன்."

ஏசுபாதம் சந்தேகமாகப் பார்த்தார். இந்த மாதத்தில் அவரிடம் அப்படி ஒருவரும் ஆரம்பித்ததில்லை.

"டாக்டர் கேட்டப்போ விட மாட்டேன்னு பட்டுனு சொன்னீங்களே. ஏன் மாமா?"

மாஸ்க்குக்குள் அவர் மூச்சு ஏறி இறங்கியது. பிறகு, விட்டுவிட்டு, மூச்சுக்கு நடுவில் சொல்ல ஆரம்பித்தார். எழில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு தடவை நிஜமாகவே விட்டிருக்கிறார். செல்லம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவரை எழுப்பி நிற்கவைத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கர்த்தர் என்னை விடுவித்தார் என்று மைக்கில் சொன்னார். சபையே கை தட்டியது. பெரிய பையன் ஜோஷ்வா முன் வரிசையில் உட்கார்ந்து தட்டினான்.

அப்புறம் லாரி முதலாளியோடு ஒரு தகராறு. தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று ஒன்று பற்றவைத்தார். பார்த்தது ஜோஷ்வாதான். சைக்கிளில் வந்தவன், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டான்.

"அன்னிலேர்ந்து அவன் என்னை அப்பான்னு கூப்புடறதே கொறஞ்சு போச்சும்மா. சிகரெட் குடிச்சதுக்கு இல்ல. மைக்குல சொன்னதுக்கு." அவர் கண்ணோரம் தண்ணீர் வழிந்து மருந்தில் கலந்தது. "இன்னொருவாட்டி விட்டுட்டேன்னு சொல்லி, அது முடியாம போய், இந்த மூஞ்ச வச்சிகினு உங்களாண்ட நிக்க முடியாது. அதான் விட மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேன். யாரும் நம்பி ஏமாற வேணாம் பாரு."

ஜீவிதாவுக்குச் சொல்ல நிறைய வார்த்தை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள். இன்னொரு கேள்விதான் கேட்டாள். ஒரு நாளில் குடிக்கிறதில் எது இல்லாமல் முடியவே முடியாது?

அவர் இதை யோசித்ததே இல்லை போலிருந்தது. காலை டீக்கு அப்புறம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றார். மற்றதெல்லாம் சும்மா, கை பழக்கம், வெட்டியாக உட்கார்ந்திருக்கிற பேஜார்.

அதன் பிறகுதான் ஷீலா உள்ளே வந்தாள். விடுவதுதான் நல்லது என்பதை அவள் மறைக்கவில்லை. ஒன்றிரண்டு குடித்தாலும் நுரையீரலுக்குக் கெடுதல்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். ஆனால் இன்று அவர் எதையும் சத்தியம் செய்ய வேண்டாம், யாரிடமும் சாட்சி சொல்ல வேண்டாம். வீட்டைக் கொளுத்தாமல் இருக்க என்ன செய்ய முடியும் என்று மட்டும் பேசலாம் என்றாள்.

பேசினார்கள். குடிக்கத் தோன்றினால் மிஷினை அணைத்துவிட்டு, குழாயைக் கழற்றி உள்ளேயே வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். துணியிலும் முடியிலும் ஆக்ஸிஜன் தங்கியிருக்கும் என்பதால் நன்றாகக் காற்றாட உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம்தான் பற்றவைக்க வேண்டும். லைட்டரும் சிகரெட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது, காம்பவுண்டு சுவரில் ஒரு டப்பாவில் இருக்கட்டும். கூட யாராவது இருக்க வேண்டும். மற்ற நேரங்களில் கை பரபரத்தால் நிகோடின் சூயிங்கம். இன்னும் விட மனசு வராதவர்களும் அதை மெல்லலாம் என்று டாக்டரும் சொன்னார். ஒரு வாரம் பார்க்கிறேன், மறுபடி வீட்டுக்குள் நெருப்பு வந்தால் மிஷின் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்துவிடும் என்றார் அவர்.

எழில் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஏசுபாதம் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். டெனிஸ் பெயர்த்த கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஹால் தரையில் குழாய் எரிந்த தடம் கறுப்பாக ஓடியது. செல்லம்மா அதைத் தேய்க்க உட்கார்ந்தாள். போகவில்லை.

புதுக் குழாய் மாட்டி, மிஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனது. ஏசுபாதம் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. கேட்கக் கூச்சப்படுகிறார் என்று ஜீவிதாவுக்குப் புரிந்தது. சூயிங்கத்தைக் கொடுத்துப் பார்த்தாள். மிளகு மாதிரி எரியுது என்று முகத்தைச் சுளித்து, துப்பிவிட்டார்.

"அதுதான் சுவத்து டப்பாவுல ஒண்ணும் இல்லியே" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

எழில் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் செல்லம்மா நினைத்தாள். ஜீவிதா வாசலுக்கு வந்து பார்த்தாள். அவன் தெருமுனையில் சிட்டிபாபு கடை முன்னால் நின்றான். சிட்டிபாபு முதலில் கையை விரித்தார். அன்றைக்குத் தரக்கூடாது என்று சண்டை போட்டவன் இன்றைக்கு நீயே கேட்கிறாயா என்பதுபோல ஏதோ கேட்டார். எழில் தலை குனிந்தபடி பதில் சொன்னான். பிறகு வாங்கியதைக் கைக்குள் மூடிக்கொண்டு திரும்பி நடந்து வந்தான்.

மிஷினை ஏசுபாதமே அணைத்தார். குழாயைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். சட்டையை மாற்ற ஜீவிதா உதவினாள். எழில் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தான். இரண்டு பேரும் காற்றாடக் காத்திருந்தார்கள். தண்டவாளத்தின் மேல் ஒரு மின்சார ரயில் தாம்பரத்துக்குள் நுழைகிற சத்தம் கேட்டு அடங்கியது. இன்னொன்று போனது.

"போதும்ப்பா. பத்த வச்சிக்கலாம்" என்றான் எழில். லைட்டரை அவனே நீட்டினான். காற்றில் இரண்டு தடவை அணைந்தது.

வெந்த உதட்டில் சிகரெட்டை வைக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் ஜீவிதா உள்ளே போய்விடலாமா என்று நினைத்தாள். போகவில்லை. பாதியில் எறிந்துவிடுவார் என்று அவளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அவர் எறியவில்லை. இருமி, நிறுத்தி, மறுபடி இழுத்து, கடைசி வரை குடித்தார். எழில் ஒவ்வொரு இழுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அணைத்த துண்டை மண்ணில் நசுக்கிவிட்டு ஏசுபாதம் மகனைப் பார்த்தார். நாள் முழுக்க அப்போதுதான் பார்த்தார்.

"அந்த மிட்டாய இன்னாமோ மாதிரி மெல்லணும்னாங்களே அந்தம்மா. எப்டின்னு கேட்டியா?"

"கொஞ்சம் மென்னுட்டு, காரம் ஏறினதும் கன்னத்துல ஒதுக்கி வச்சிக்கணும்பா. சும்மா மென்னுக்கினே இருக்கக் கூடாது."

"ஓ. நான் சும்மா மென்னுட்டேன்" என்றார்.

ஜீவிதா உள்ளே வந்தாள். முகம் கழுவலாம் என்று பின்பக்கம் போனபோது செல்லம்மா துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை வாயில். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டாள் ஜீவிதா. அவள் அழவில்லை. பயந்திருந்தாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் ஜோஷ்வாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் பெங்களூரில் இருக்கிறான். ஏற்கெனவே அவன் கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தானாம். குடி, சிகரெட் எல்லாவற்றையும் விடவைக்கிற இடம். உள்ளே போனால் ஒரு மாசம் கழித்துத்தான் வெளியே விடுவார்கள். வீட்டு ஆட்கள் பார்க்க முடியாது.

"நான் சரின்னுட்டேன் ஜீவிதா. அப்போ அவரு மூஞ்சியப் பார்த்தேன், சரின்னுட்டேன். நாளைக்குக் காலைல வேன் வருது. தெருவுல எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்கற நேரமா பார்த்து வரச் சொல்லியிருக்கான்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சொல்லக் கூடாதாம். சொன்னா ஏற மாட்டாராம், நாலு பேர் வந்து தூக்கிக்குவாங்களாம்."

இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றாள் ஜீவிதா. செல்லம்மா தலையை ஆட்டினாள். சாயங்காலம் கூப்பிட்டுப் பார்த்தாள், ஜோஷ்வா எடுக்கவில்லை. மத்தியானம் பேசும்போதே கிளம்புவதாகச் சொல்லியிருந்தான், வேனோடு அவனும் வருகிறான்.

"எழிலுக்கும் தெரியாது. நீ சொல்லிடாதே. பெத்தவன பெரியவன் தூக்கிக்கினு போறதப் பார்த்தா இவன் சும்மா இருக்க மாட்டான்."

வெளியே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழிலின் தோளைப் பிடித்தபடி ஏசுபாதம் ஹாலுக்குள் நுழைந்தார். மூச்சு வாங்கியது. ஆனாலும் குரலில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெம்பு இருந்தது.

"ஜீவிதா, அந்த சேர அங்கியே போட்டு வைம்மா. காலைல எந்திரிச்சி அங்கயே உக்காந்துக்கறேன்."

செல்லம்மா அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"சரிங்க மாமா" என்றாள் ஜீவிதா.